இரண்டு இதழ் வால்வு: ஆபரேஷனை முடித்துவிட்டுத்தான் கல்யாணமா?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நான்கு தாள், முன்னும் பின்னும் எழுதிய கடிதம், கூடவே ஒரு எக்கோ ரிப்போர்ட்டின் நகல். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

“என் மகளுக்கு 24 வயது. சிறுசேரியில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் மெடிக்கல் செக்கப்பில், ‘நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது’ என்று எக்கோ எடுக்கச் சொன்னார்கள். வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதாம், பிறவியிலேயே அப்படியாம். இதுவரை மூச்சு வாங்கியதில்லை, மயங்கி விழுந்ததில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த உறவுக்காரப் பையன் 27 சதவீதம் அடைப்பு, இதயம் 62 சதவீதம்தான் வேலை செய்கிறது என்கிறான். காஞ்சிபுரத்தில் ஒரு வரன் ஏறக்குறைய முடிந்த நேரம். ஆபரேஷன் செய்து வால்வை மாற்றிவிட்டுக் கல்யாணம் வைத்தால் பிறகு தொல்லை இருக்காது என்று அவள் அப்பா சொல்கிறார். யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார் என் அண்ணன். அவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே வந்தேன், அதனால்தான் என்று நாத்தனார் பேசுகிறார். மருதம்பட்டைக் கஷாயத்தில் ஓட்டை மூடும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு வாரமாகக் கொடுத்து வருகிறேன். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? அந்தக் குழந்தைக்கும் வருமா? தூக்கமே இல்லை.”

அம்மா, முதலில் அந்த 27-ஐயும் 62-ஐயும் பார்ப்போம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தவை அந்த இரண்டு எண்கள்தான்; இரண்டையும் தப்பாகப் படித்திருக்கிறார்கள்.

62 என்பது, இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. யாருடைய இதயமும் நூறு சதவீதத்தைத் தள்ளாது. 55-க்கு மேல் இருந்தாலே நல்ல இதயம். எனக்கு எடுத்தாலும் அறுபது பக்கம்தான் வரும். நாற்பது மார்க் போய்விட்டது என்று பரீட்சைத் தாளைப் போலப் படிப்பவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன்.

27 அடைப்பே அல்ல. அது பாதரச மில்லிமீட்டரில் சொல்லும் அழுத்த வித்தியாசம். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதல்லவா? வால்வு முழுதாகத் திறக்காதபோது ரத்தமும் அப்படித்தான் வேகமெடுக்கிறது. உங்கள் மகளின் வால்வில் அந்த வேகம் நொடிக்கு 2.6 மீட்டர். மூன்றுக்குக் கீழே இருந்தால் லேசான சுருக்கம். மூன்றிலிருந்து நாலு வரை நடுத்தரம். நாலு, அதற்கு மேல் என்றால் கடுமையானது. அந்த வேகத்திலிருந்து கணக்குப் போட்டு வருவதுதான் 27. அதன் சராசரி 16 என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. இருபதுக்குக் கீழே இருப்பதால் அதுவும் லேசான ரகம். ரத்தம் கொஞ்சம் பின்னால் கசிகிறது என்று எழுதியிருக்கிறார்கள், அதுவும் லேசானதுதான்.

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கிளம்பும் வாசலில் இருக்கும் கதவுதான் மகாதமனி வால்வு. மூன்று இதழ் கொண்டது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. சிலருக்கு இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டியே உருவாகிவிடும். எக்கோ திரையில் மூன்று இதழ் வால்வு திறக்கும்போது முக்கோணமாகத் தெரியும். இரண்டு இதழ் வால்வு மீன் வாயைத் திறப்பதுபோல நீள்வட்டமாகத் திறக்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரே பார்வையில் பிடிபடும். ஆகவே இது ஓட்டை இல்லை. இதயத்தில் ஓட்டை என்பது வேறு குறை. மூடவேண்டிய எதுவும் உங்கள் மகளிடம் இல்லை. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இந்த வால்வு இருக்கிறது. பிறவி இதயக் குறைகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். பலர் ஐம்பது வயது வரை தெரியாமலே இருந்திருக்கிறார்கள்.

கிரகண விஷயத்தையும் முடித்துவிடுவோம். கருவின் இதயமும் வால்வுகளும் அடிப்படை வடிவத்துக்கு வருவது முதல் இரண்டு மாதத்தில். நீங்கள் வெளியே வந்தது ஐந்தாம் மாதம். அதற்கு மூன்று மாதம் முன்பே அந்த இரண்டு இதழ்கள் ஒட்டியாயிற்று. நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள், சொல்லாமலும் விடுங்கள், அது உங்கள் இஷ்டம். 24 வருஷம் கழித்து உங்கள் மேல் பழி போட அதில் ஒன்றும் இல்லை. இந்த வால்வுக்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு. அது தாய் வழியாகவும் வரலாம், தந்தை வழியாகவும் வரலாம்.

கஷாயத்தை நிறுத்திவிடுங்கள். ஒட்டிப்போன சவ்வைப் பிரிக்கும் கஷாயமோ மாத்திரையோ கிடையாது. எங்கள் இங்கிலீஷ் மருந்திலும் கிடையாது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

“மாற்றிவிட்டால் தொல்லை முடிந்தது” என்பது பற்றி

கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது உங்கள் கணவரின் இந்த யோசனைதான். பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. பல்லைப் பிடுங்கினால் வலி போகும். வால்வு அப்படி இல்லை. வால்வை மாற்றுவது என்றால் நம்முடைய குறையுள்ள வால்வைக் கொடுத்துவிட்டு, வேறு வகைக் குறையுள்ள செயற்கை வால்வை வாங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம். சுருக்கம் கடுமையாகும்போது அந்த வியாபாரம் லாபம். லேசாக இருக்கும்போது பெரிய நஷ்டம்.

செயற்கை வால்வில் இரண்டு வகை. உலோக வால்வு நீண்ட நாள் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் நம் நாட்டிலேயே உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இந்த வகைதான். ஆனால் உலோகத்தில் ரத்தம் உறையும். அதனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, அதன் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை. கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் வால்வே உறைந்து நின்றுபோகும் ஆபத்து. மாதவிடாயில் உதிரப்போக்கு பலருக்கு அதிகமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பத்தில் அந்த மாத்திரை பெரிய சிக்கல். முதல் மூன்று மாதத்தில் அது கருவைப் பாதிக்கலாம். நிறுத்தி ஊசிக்கு மாறினால் தாயின் வால்வில் உறைகட்டி வரலாம். இரண்டு பக்கமும் இடிக்கும் நிலை. அதைச் சமாளித்துப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு வாரமும் கத்தி மேல் நடப்பதுதான்.

இன்னொன்று மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வு. அந்த மாத்திரை ஆயுளுக்கும் தேவைப்படாது. ஆனால் இள வயது உடம்பில் அது சீக்கிரம் தேயும். இருபத்துநான்கில் வைத்தால் நாற்பதுக்குள் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். கால் வழியாகக் குழாய் விட்டு வால்வு வைக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முறை பெரும்பாலும் வயதானவர்களுக்கு. நோயாளியின் சொந்த நுரையீரல் வால்வையே எடுத்து மகாதமனி இடத்தில் வைக்கும் ராஸ் ஆபரேஷன் என்று ஒன்றும் உண்டு. அது கைதேர்ந்த சில இடங்களில் மட்டும் செய்வது, தேவை வரும்போது பேசலாம்.

பல வருஷத்துக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். துணிக்கடைக் கட்டைப்பையில் ஒரு தடி ஃபைல். வேறொரு ஊரில், கல்யாணத்துக்கு முன்பே அவசர அவசரமாக உலோக வால்வு வைத்திருந்தார்கள். பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால், சுருக்கம் நடுத்தரம்கூட இல்லை. அறை அமைதியாக இருக்கும்போது அந்த வால்வின் ‘டிக், டிக்’ எனக்கே கேட்டது. “ராத்திரியில இவருக்கும் கேக்குது டாக்டர்” என்றார், பக்கத்திலிருந்த கணவரைக் காட்டி. அப்போது அவருக்கு ஏழு வாரக் கர்ப்பம், மாத்திரையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அவரிடம் பேசியதை நினைத்தபடிதான் உங்களுக்கு இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

ஆகவே, இன்றைய நிலையில் உங்கள் மகளுக்கு ஆபரேஷன் வேண்டாம். பின்னாளில் வேண்டியிருக்குமா? இருக்கலாம். இரண்டு இதழ் வால்வு மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் தடித்துச் சுண்ணாம்பு ஏறும். பலருக்கு ஐம்பது, அறுபது வயதில் மாற்ற வேண்டி வருகிறது, சிலருக்கு முன்பே, சிலருக்கு வருவதே இல்லை.

ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டது

எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத்தான் நான் அதிக நேரம் தேடினேன். இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களுக்கு வால்வோடு விஷயம் முடிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவரும் பலவீனமாக இருந்து மெல்ல விரியலாம். மகளுக்கு அந்தக் குழாயின் அகலம் 38 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. உயரம் எவ்வளவு என்று குறிக்கவில்லை. ஐந்தடிப் பெண்ணுக்கு 38 கொஞ்சம் கூடுதல். பயப்படும் அளவு இல்லை, ஆனால் குறித்துவைத்துக் கண்காணிக்க வேண்டிய அளவு. பொதுவாக 55-ஐ எட்டும்போது ஆபரேஷன் என்போம். வேறு ஆபத்துக் காரணங்கள் சேர்ந்திருந்தால் 50-இலேயே. கர்ப்பத்துக்கு முன்பே 50-ஐத் தாண்டியிருந்தால் முதலில் மகாதமனியைச் சரிசெய்தாக வேண்டும். 45-ஐத் தாண்டினாலே மிக நெருக்கமான கண்காணிப்பு வேண்டும்.

அப்புறம், இந்த வால்வோடு சிலருக்கு மகாதமனி கீழே இறங்கும் இடத்தில் ஒரு நெரிப்பும் இருக்கும். கையில் ரத்த அழுத்தம் அதிகமாகவும் காலில் குறைவாகவும் காட்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை. இரண்டு கையிலும் ஒரு காலிலும் பிபி பார்க்க வேண்டும், தொடை மடிப்பில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும், இரண்டு நிமிட வேலை. ரிப்போர்ட்டில் இது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணப் பேச்சுக்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கூடவே ஒரே ஒரு முறை மகாதமனி முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் நல்லது. அதில் கதிர்வீச்சு இல்லை, பின்னால் ஒப்பிட அடிப்படை அளவாகவும் இருக்கும்.

லேசான சுருக்கம் மட்டும் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு எக்கோ போதும் என்பேன். மகாதமனி கொஞ்சம் கூடுதலாக இருப்பதாலும், கல்யாணம், கர்ப்பம் என்று வரிசையாக வரப்போவதாலும் வருஷத்துக்கு ஒன்று எடுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில். எடுப்பவர் மாறினாலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடக் குறைய வரும், வீணாகப் பதறுவீர்கள்.

வேலைக்குப் போகலாம், நடக்கலாம், நீந்தலாம், ஆடலாம், திருப்பதி படியும் ஏறலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மிகக் கனமான எடை தூக்குவது மட்டும் வேண்டாம்.

நாள்கணக்கில் நீளும் காய்ச்சல்

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மகளின் போனிலும் உங்கள் போனிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறவிக் குறையுள்ள வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டு வளர முடியும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில வாரங்களில் வால்வையே அரித்துவிடும். காய்ச்சல், களைப்பு, ராத்திரி வியர்வை, எடை குறைவு என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? தெருமுனை மெடிக்கலில் மூன்று நாள் ஆண்டிபயாட்டிக் வாங்கிப் போடுகிறோம். காய்ச்சல் அடங்கும், ஒரு வாரத்தில் மறுபடி வரும், வேறொரு ஆண்டிபயாட்டிக். கடைசியில் எங்களிடம் வரும்போது ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. கிருமி பாதி மயங்கி ஒளிந்திருக்கும். எந்த மருந்து கொடுப்பது என்று இருட்டில் தேடுவோம். ஆகவே காரணம் புரியாத காய்ச்சல் நாலைந்து நாளுக்கு மேல் போனால், ஆண்டிபயாட்டிக் போடுவதற்கு முன் “எனக்கு இரண்டு இதழ் வால்வு இருக்கிறது, பிளட் கல்ச்சர் எடுங்கள்” என்று அவளே சொல்ல வேண்டும். டாக்டருக்கே சொல்லிக்கொடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம்.

பல் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டி ஆண்டிபயாட்டிக் போட வேண்டும் என்று யாராவது சொல்லலாம். செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே வால்வில் கிருமித்தொற்று வந்தவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்குத்தான் அது. இவளுக்கு இப்போது தேவையில்லை. இரண்டு வேளை பல் துலக்குவதும், வருஷத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பார்ப்பதும் அதைவிட நல்ல காவல்.

கல்யாணம், குழந்தை

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடும். லேசான சுருக்கமுள்ள வால்வு அதைத் தாங்கிக்கொள்ளும். ரத்தம் அதிகம் ஓடுவதால் எக்கோவில் அந்த 27 அப்போது 35, 40 என்று ஏறிக் காட்டும்; நோய் முற்றிவிட்டது என்று யாராவது பயமுறுத்தினால் இந்த வரியைக் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிடும். இந்த வால்வுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கருத்தரிப்பதற்கு முன் ஒரு எக்கோ, கர்ப்பத்தின்போது இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசிக்கொள்ளும் வசதியுள்ள இடத்தில் பரிசோதனை, இது போதும்.

குழந்தைக்கு வருமா? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த வால்வு இருக்கலாம். அப்படியென்றால் பத்தில் ஒன்பது பேருக்கு இல்லை. 18-லிருந்து 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தை எக்கோவில் பார்ப்பார்கள். இதே கணக்கு உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். நீங்கள், உங்கள் கணவர், 27 வயது மகன் என்று மூவரும் ஒருமுறை எக்கோ எடுத்துவிடுங்கள். இந்த வால்வு பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். மகன் ஜிம்முக்குப் போகிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், முதலில் அவன்.

மறைக்கலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ‘இதய நோய்’ என்ற ஒரு சொல்லுக்கே வரன் கைவிட்டுப் போகும் ஊர் இது. ஆனால் அவள் வருஷம்தோறும் எக்கோவுக்குப் போக வேண்டும், கர்ப்பத்தில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் இதைச் செய்ய முயன்றால் செக்கப்பைத்தான் தள்ளிப்போடுவாள். நான் பயப்படுவது அதற்குத்தான். சட்டப்படியும், முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினால் திருமணத்தை ரத்து செய்யக் கோர இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. லேசான வால்வுக் குறை அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்த வாதத்துக்குள் உங்கள் மகள் ஏன் போய் நிற்க வேண்டும்?

எப்படிச் சொல்வது என்பதில்தான் சாமர்த்தியம். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையிடம் அவளே நேரடியாகச் சொல்லட்டும். வேண்டுமானால் இருவரும் சேர்ந்து அவளுடைய இதய டாக்டரைப் பார்க்கட்டும். அவள் சம்மதம் இல்லாமல் எந்த டாக்டரும் அவர்களிடம் வாய் திறக்கக் கூடாது, உங்கள் உறவினரிடமும்தான். ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு தாள் கடிதத்தில் அப்பா சொன்னது, மாமா சொன்னது, அத்தை சொன்னது எல்லாம் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே? 24 வயது. வால்வும் அவளுடையது, ரிப்போர்ட்டும் அவளுடையது. இந்தப் பதிலை முதலில் அவள் கையில் கொடுங்கள்.

செலவு

தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் இந்த விஷயத்தைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-இலிருந்து அதிகபட்சம் 36 மாதம்தான். இப்போதே எடுத்தால் தேவை வரும் வயதில் அது கைகொடுக்கும். மறைத்தால் அன்றைக்குப் பார்த்துக் கைவிரிப்பார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனையிலும் இதயப் பிரிவு இருக்கிறது. வருஷாந்தர எக்கோவுக்கு அங்கே தாராளமாகப் போகலாம். காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.

ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம், நெஞ்சுவலி, வழக்கமில்லாத மூச்சிறைப்பு வந்தால் மட்டும் அடுத்த எக்கோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மகன் எக்கோ எடுத்ததும், மகளின் கை, கால் பிபி அளவுகளோடும் உயரத்தோடும் சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.